கச்சானும் நாங்களும்



கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

போன கிழமை போட்ட குடும்பப் படத்தில் விறாந்தைப் படிக்குக் கீழே ஒரு சின்னச் சடை நாய் படுத்திருந்ததைப் பலர் கவனித்திருக்கிறீர்கள். இன்பொக்ஸில் நிறையக் கேள்விகள். "சோனக வீட்டில நாயா?" என்று சிலர். "தொழுகை எப்படி, சுத்தம் எப்படி?" என்று சிலர். "என்ன சாதி நாய், குட்டி கிடைக்குமா?" என்றும் இரண்டு பேர். எல்லோருக்கும் தனித்தனியாக எழுத முடியவில்லை. அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறோம்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். சாதியெல்லாம் ஒன்றுமில்லை, கலப்பு நாய். தாய் ஊர் நாயாக இருக்கவேண்டும், தகப்பன் யாரோ வீட்டுப் பொமரேனியனாக இருக்கவேண்டும். உடம்பு ஒரு பெரிய பூனையின் அளவு. சடை கழுத்தில் மட்டும் அடர்த்தி. ஒரு காது நிமிர்ந்து நிற்கும், மற்றது மடிந்து கிடக்கும். பெட்டை. கருத்தடை செய்தாகிவிட்டது, குட்டி கிடைக்காது.

பெயர் கச்சான். நாங்கள் வைத்த பெயர் இல்லை. ஓட்டுமடம் பக்கம் இருந்த ஓர் அன்ரி வைத்தது. 2014இல் நல்லூர்த் திருவிழா முடிந்த கையோடு, கடைகள் கழற்றிய இடத்தில் கச்சான் கோதுக் குவியலுக்குள் கிடந்த குட்டி. நிறமும் வறுத்த கச்சான் நிறம். வேறு பெயர் யோசிக்க இடமே இருக்கவில்லை என்பார் அன்ரி.

அந்த அன்ரியைப் பற்றிச் சொல்லாமல் இந்த நாயைப் பற்றிச் சொல்ல முடியாது.

1990 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றியது எல்லோருக்கும் தெரிந்த கதை. வடக்கு முழுவதுமாக 75,000 பேரளவில் அந்த நாட்களில் வெளியேற்றப்பட்டார்கள். நாங்கள் அப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகள். பெரிய இழப்புகளைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். வீடு, கடை, நகை, காணி உறுதி. வளர்த்த பிராணிகளைப் பற்றி அதிகம் பேர் எழுதவில்லை. எங்கள் வீட்டில் நான்கு ஆடுகள் நின்றன, ஒன்று சினை. உம்மா அவிழ்த்த கயிற்றை அன்ரியின் கையில் கொடுத்துவிட்டுத்தான் ஜின்னா மைதானப் பக்கம் நடந்தார். "திரும்பி வாற வரைக்கும் பார்த்துக்கொள்ளுங்கோ" என்று மட்டும் சொன்னாராம். திரும்பி வர இருபது வருடம் ஆகும் என்று யாருக்குத் தெரியும்?

புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் இருந்த காலத்திலும் உம்மா அந்தச் சினை ஆட்டைப் பற்றிக் கதைப்பார். ஈன்றிருக்குமா, எத்தனை குட்டி என்று. எங்களுக்கு அப்போது அது விளங்கவில்லை. வீடே போய்விட்டது, ஆட்டைப் பற்றி என்ன கவலை என்று நினைப்போம்.

ஏ9 பாதை திறந்த பிறகு, 2010இல் சோனகத் தெருவுக்குத் திரும்பி வந்தபோது எங்கள் வீட்டுக்குக் கூரை இல்லை. சுவருக்குள் ஆலமரம் முளைத்திருந்தது. அன்ரி உயிரோடு இருந்தார். உம்மாவைக் கண்டதும் அவர் சொன்ன முதல் வார்த்தை நலம் விசாரிப்பு இல்லை. "ரெண்டு குட்டி போட்டது" என்றார். இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள்.

அந்த ஆடுகளை அவர் ஐந்து வருடம் வளர்த்திருக்கிறார். பிறகு 1995 ஒக்டோபர் 30 வந்தது. திகதியைக் கவனியுங்கள், அதே ஒக்டோபர் 30. இராணுவம் நெருங்கியபோது வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் இடம்பெயர்ந்தது. மழைக்குள் இலட்சக்கணக்கான சனம் செம்மணி தாண்டி நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்தது. அன்ரி ஆடுகளின் கயிற்றை அறுத்துவிட்டார். அவர்களிடம் வீமன் என்று ஒரு பெரிய நாயும் நின்றது. சனத்துக்குள் மிதிபட்டுவிடும் என்று வளவுக்குள் விட்டு, படலையைத் திறந்துவைத்துவிட்டு வெளிக்கிட்டார்கள். ஆறு மாதம் கழித்து வந்து பார்த்தபோது வீமன் இல்லை. அன்றைக்கு யாழ்ப்பாணத்தில் வீட்டுக்கு வீடு நாய் நின்றது. சாமத்தில் எந்தத் திசையில் நாய் குரைக்கிறது என்பதை வைத்தே யார் நடமாடுகிறார்கள் என்று ஊகித்த காலம் அது. அந்த நாய்களெல்லாம் என்ன ஆயின என்று அன்ரி கேட்பார். எங்களிடம் பதில் இல்லை.

இனி நாயே வளர்ப்பதில்லை என்று இருந்தவர்தான், கச்சான் கோதுக்குள் கிடந்ததைப் பார்த்துவிட்டு மனசு கேட்காமல் தூக்கிவந்தார்.

2018இல் அன்ரிக்குக் கனடாவில் இருந்து பிள்ளைகள் அனுப்பிய விசா சரிவந்தது. வீட்டைப் பூட்டுவது என்று முடிவு. கச்சானைக் கொண்டுபோக முடியாது. சொந்தக்காரர் எல்லோரிடமும் கேட்டுப் பார்த்தார். பெட்டை நாய் என்றதும் ஒருவரும் முன்வரவில்லை. ஒரு பின்னேரம் எங்கள் வீட்டுக்கு வந்து விறாந்தையில் இருந்தார். தேத்தண்ணியைக் கையில் எடுக்கவேயில்லை.

"உங்கட மார்க்கத்தில சரிவராது எண்டு தெரியும் பிள்ளையள். ஆனா இன்னொருக்கா படலையைத் திறந்துவிட்டிட்டுப் போக என்னால ஏலாது."

நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பதில் சொன்னது உம்மா. "நாலு ஆட்டை நீங்க பார்த்தீங்க. ஒரு நாயை நாங்க பார்க்க மாட்டமா? வளவுக்குள்ள நிக்கட்டும். வாசப்படி தாண்டப்படாது."

இப்போது மார்க்கத்தைப் பற்றிய கேள்விக்கு வருகிறோம். நாங்கள் ஆலிம்கள் இல்லை, பத்வா சொல்ல வரவில்லை. தெரிந்த ஓர் ஆலிமிடம் கேட்டு, படித்துத் தெரிந்துகொண்டதை மட்டும் சொல்கிறோம்.

இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலானோர் பின்பற்றுவது ஷாபிஈ மத்ஹப். அதன்படி நாயின் எச்சிலும் ஈரமும் நஜீஸ். பட்டால் ஏழு தடவை கழுவவேண்டும், அதில் ஒரு தடவை மண் கலந்த தண்ணீரால். ஆனால் உலர்ந்த கை உலர்ந்த ரோமத்தில் பட்டால் கழுவவேண்டிய கடமை இல்லை. மாலிகி மத்ஹபில் உயிரோடு இருக்கும் நாய் அசுத்தமே இல்லை என்பது கருத்து. வேட்டைக்கும், மந்தைக்கும், பயிருக்கும் நாய் வைத்திருக்க ஹதீஸிலேயே அனுமதி இருக்கிறது. வீட்டுக் காவலையும் அதோடு சேர்த்துப் பார்க்கும் அறிஞர்கள் உண்டு. தேவையில்லாமல் வெறும் ஆசைக்கு வளர்ப்பதைத்தான் கண்டித்திருக்கிறார்கள். வீட்டுக்குள் வைத்துக்கொள்வதைப் பற்றியும் எச்சரிக்கை இருக்கிறது. இதை நாங்கள் மறைக்கவில்லை.

ஆனால் நம்மில் பலர் இந்தப் பக்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றப் பக்கத்தை விட்டுவிடுகிறோம். தாகத்தில் மண்ணை நக்கிய நாய்க்காகக் கிணற்றில் இறங்கி, காலணியில் தண்ணீர் மொண்டு கொடுத்தவருக்குப் பாவம் மன்னிக்கப்பட்ட ஹதீஸ் புகாரியிலும் இருக்கிறது, முஸ்லிமிலும் இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் நாம் ஓதும் சூரத்துல் கஹ்ஃபில் குகைத் தோழர்களோடு அவர்களுடைய நாயும் வருகிறது. வாசலில் முன்னங்கால்களை நீட்டிப் படுத்திருக்கிறது. அவர்கள் எத்தனை பேர் என்ற கருத்துகளைச் சொல்லும் இடத்தில் ஒவ்வோர் எண்ணிக்கையோடும் நாயும் சேர்த்தே சொல்லப்படுகிறது. ஓர் எண்ணிக்கையிலும் அதை விட்டுவிடவில்லை.

இதை அன்ரியிடம் சொன்னபோது அவர் மகாபாரதத்தில் தருமரோடு கடைசிவரை நடந்துபோன நாயின் கதையைச் சொன்னார். நாயை விட்டுவிட்டுச் சொர்க்கத்துக்கு வரமாட்டேன் என்றாராம் தருமர். கதைகள் வேறு, நம்பிக்கை வேறு. இரண்டிலும் நாய் நிற்பது வாசலில்தான் என்பது மட்டும் எங்களுக்கு ஆச்சரியமாக இருந்தது.

நடைமுறையில் நாங்கள் செய்வது இதுதான். கோடிப்பக்கம் முருங்கைக்குக் கீழே பலகையில் ஒரு சின்னக் கூடு, தகரக் கூரை. சாப்பாட்டுக்கும் தண்ணிக்கும் இரண்டு அலுமினியப் பாத்திரம். அவை குசினிக்குள் வராது. கிணற்றடியில் ஒரு வாளி சுத்தமான மண். பிள்ளைகள் விளையாடுவது அஸருக்குப் பிறகு, அதற்கென்று வைத்த பழைய உடுப்போடு. மஃரிபுக்கு முன் கழுவிக் குளித்து உடுப்பு மாற்றிவிடுவார்கள். முதல் மாதம் கஷ்டமாக இருந்தது. இப்போது பல் துலக்குவது போல அது ஒரு பழக்கம். கச்சானுக்கும் எல்லை தெரியும். படியில் தலையை வைத்துக்கொண்டு படுக்கும், உள்ளே கால் வைக்காது. யாரும் அடித்துப் பழக்கவில்லை. உம்மா இரண்டு மூன்று தடவை விரலைக் காட்டிச் சொன்னார், அவ்வளவுதான்.

அந்த உம்மாதான் மாரி மழையில் முதல் ஆளாக எழும்பி, "அந்த வாயில்லாச் சீவனுக்கு ஒரு சாக்கைப் போடுங்க, நனையப் போகுது" என்று சத்தம் போடுவார்.

சாப்பாடு பற்றியும் இரண்டு வார்த்தை. வீட்டில் மிஞ்சும் கறியை நாய்க்குப் போடுவது ஊர் வழக்கம். ஆனால் வெங்காயம் நாய்க்கு ஆகாது, இரத்தத்தைக் கெடுக்கும். சொக்கலேட்டும் முந்திரிகை வற்றலும் அப்படித்தான். சமைத்த கோழி எலும்பு சில்லுச் சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும். நாங்கள் சோற்றோடு நாவாந்துறைச் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் மீனை உப்பு, தூள் இல்லாமல் அவித்து, முள் எடுத்துப் போடுகிறோம். செலவு பெரிதில்லை. உண்ணிதான் பெரிய தொல்லை. காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் கிழமைக்கு ஒரு தடவையாவது பார்க்கவேண்டும். விட்டால் உண்ணிக் காய்ச்சல் வந்து சின்ன நாய் மூன்று நாளில் விழுந்துவிடும்.

வந்த முதல் வருடம் டிசெம்பர் 31 இரவு ஊரெல்லாம் வெடி. காலையில் பார்த்தால் கூட்டில் கச்சான் இல்லை, வேலிக்குக் கீழே மண் கிளறிக் கிடந்தது. பிள்ளைகள் அழுதுகொண்டு நிற்கிறார்கள். ஐந்துசந்தி வரை போய்ப் பார்த்தோம். சுபஹு முடிந்து வந்த பெடியன்கள் சைக்கிளில் பொம்மைவெளிப் பக்கம் போனார்கள். நாயைத் தொடவே மாட்டோம் என்று சொல்லும் பெடியன்கள்தான். ஓட்டுமடம் பக்கத்துச் சனமும் தேடியது. கடைசியில் கோயிலுக்குப் போய்வந்த ஒரு ஐயா போனில் கூப்பிட்டார். அன்ரியின் பூட்டிய வீட்டுப் படலையடியில் படுத்திருக்கிறதாம்.

போய்ப் பார்த்தோம். குளிருக்குள் சுருண்டு, மூக்கைப் படலை இடுக்குக்குள் வைத்துக்கொண்டு கிடந்தது. எங்களைக் கண்டதும் வாலை ஆட்டியது. ஆனால் எழும்பி வரவில்லை. நாங்களும் கொஞ்ச நேரம் பக்கத்தில் நிலத்தில் இருந்தோம். பூட்டிய வீட்டு வாசலில் போய் நிற்பது எப்படி இருக்கும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. 2002இல் பாதை முதல் தடவை திறந்தபோது வாப்பா புத்தளத்தில் இருந்து வந்து, கூரையில்லாத வீட்டு வாசலில் அரை நாள் நின்றுவிட்டு உள்ளே போகாமலே திரும்பியவர்.

அதன் பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டோம். மாதத்தில் ஒரு வெள்ளிப் பின்னேரம் கச்சானைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு அந்தப் படலை வரை நடப்போம். மணந்து பார்க்கும், கொஞ்ச நேரம் இருக்கும், பிறகு தானாகவே திரும்பும். அங்கிருந்து வீடியோ கோல் எடுத்து அன்ரிக்குக் காட்டுவோம்.

2019 ஏப்ரல் 21க்குப் பிறகு வந்த கிழமைகளை எங்கள் சமூகத்தில் யாரும் மறக்கமாட்டார்கள். யாரோ செய்த கொடுமைக்கு எல்லோரும் முகம் கொடுத்தோம். வருடக் கணக்காகச் சிரித்துக் கதைத்தவர்கள் கண்ணைப் பார்க்கத் தயங்கினார்கள். வீடு வீடாகச் சோதனை. எங்கள் வீட்டுக்கும் வந்தார்கள். அல்மாரி, புத்தகம், கிணறு எல்லாம் பார்த்தார்கள். கச்சான் குரைத்துத் தீர்த்துவிட்டது. வந்தவர்களில் ஒரு இளம் பெடியன் குனிந்து அதன் தலையைத் தடவி, "முஸ்லிம் ஆக்களும் நாய் வளர்ப்பீர்களா?" என்று உடைந்த தமிழில் கேட்டான். பக்கத்து வீட்டு அக்காவின் நாய் என்று சொன்னோம், கனடா போய்விட்டார் என்றும் சொன்னோம். அவன் ஒன்றும் பேசவில்லை. போகும்போது கேற்றைக் கவனமாகச் சாத்திவிட்டுப் போனான்.

அந்த நாட்களில் எங்களோடு முதலில் கதைக்கத் தொடங்கியவர்கள் அந்த வெள்ளிப் பின்னேர நடையில் சந்திப்பவர்கள்தான். நாயைப் பற்றித்தான் கேட்பார்கள். "கச்சான் மெலிஞ்சு போச்சே" என்பார்கள். வேறொன்றும் கேட்கமாட்டார்கள். அது போதுமாக இருந்தது.

எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள் என்று சொல்லமாட்டோம். நெருங்கிய உறவு ஒருவர் இன்றுவரை எங்கள் வீட்டுக்குள் வருவதில்லை. கேற்றடியில் கதிரை போட்டு இருப்பார், கடையில் வாங்கிய சோடாவைக் குடிப்பார், சுகம் விசாரித்துவிட்டுப் போவார். நாங்கள் வாதாடுவதில்லை. பேணுதல் அவருடைய உரிமை. அவர் வரும்போது கச்சானைக் கோடிப்பக்கம் கட்டிவைப்பது எங்கள் கடமை. எங்களுக்கு வருத்தம் தருவது வேறு விஷயம். வகுப்பில் "நாயைக் கண்டால் கல்லால் எறியவேணும்" என்று ஒரு பிள்ளை சொன்னது. யார் சொல்லித்தந்தது என்று கேட்டால், "சும்மா, எல்லோரும் எறிவார்கள்" என்றது. எச்சிலைக் கழுவச் சொன்ன மார்க்கம் எறியச் சொல்லவில்லையே என்று அன்றைக்குக் கதைத்தோம். முஸ்லிம் பிள்ளைகள் மட்டுமில்லை, எல்லாப் பிள்ளைகளும் எறிகிறார்கள்.

ஆசிரியராக ஒரு விஷயத்தைக் கட்டாயம் சொல்லவேண்டும். நாய் மீது இரக்கம் என்றால் ஊசியும் அதோடு சேர்ந்ததுதான். இலங்கையில் 1970களில் விசர் நாய்க்கடியால் ஆண்டுக்கு நூற்றுக்கணக்கானவர்கள் இறந்தார்கள். இப்போது அது 20, 30 என்ற அளவுக்குக் குறைந்திருக்கிறது. 2006இல் இருந்து தெரு நாய்களைக் கொல்வதை நாடு நிறுத்திவிட்டது, அதற்குப் பிறகும் குறைவாகவே இருக்கிறது. காரணம் தடுப்பூசி. ஓர் ஊரில் 70 வீதமான நாய்களுக்கு ஊசி போட்டால் நோய் பரவுவது நின்றுவிடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாய்க்கான இந்த ஊசியை அரசாங்கம் இலவசமாகவே போடுகிறது. வருடத்துக்கு ஒரு தடவை போட்டு, அட்டையைப் பத்திரமாக வையுங்கள்.

நாய் கடித்தாலோ, புண்ணில் நக்கினாலோ உடனே ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அரச ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மஞ்சள், கோப்பித்தூள் எதுவும் வைக்கவேண்டாம். நோய்க்குறி தொடங்கிவிட்டால் காப்பாற்றுவது அநேகமாக முடியாத காரியம். ஏழு தடவை கழுவுவது வணக்கத்தோடு சம்பந்தப்பட்டது, 15 நிமிடம் கழுவுவது வைத்தியம். இரண்டையும் குழப்பி, ஒன்றுக்கு மற்றதை ஆதாரமாகக் காட்டவேண்டிய தேவை இல்லை. ஒன்றைச் செய்தால் மற்றது தேவையில்லை என்றும் நினைக்கவேண்டாம்.

கச்சானுக்கு இப்போது பதினொரு வயது தாண்டிவிட்டது. ஒரு கண்ணில் வெண்படலம். படியில் ஏறித் தலை வைப்பதற்குக் கொஞ்சம் யோசிக்கிறது. சின்ன நாய்கள் பதினைந்து வயது வரை இருக்கும் என்கிறார் மிருக வைத்தியர், அல்லாஹ் நாடினால். உம்மா போன வருடம் மௌத்தாகிவிட்டார். ஜனாஸா எடுத்த அன்று கச்சான் ஒரு சத்தமும் போடவில்லை, இரண்டு நாள் சாப்பிடவும் இல்லை. அன்ரிக்கு இப்போது ஞாபகம் கொஞ்சம் குறைகிறது. வீடியோவில் எங்கள் பெயரை மறந்துவிடுகிறார். கச்சானின் பெயர் மட்டும் மறக்கவில்லை.

இந்தப் பதிவை எழுதியதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் தெருவைச் சுற்றி இந்த வருடம் மட்டும் மூன்று வீடு பூட்டியாயிற்று. பெரியவர்கள் பிள்ளைகளிடம் வெளிநாடு போகிறார்கள். மூன்று வீட்டு நாயும் இப்போது தெருவில். வெளிநாடு போக விண்ணப்பம் போடும் அன்றே உங்கள் நாய்க்கும் ஓர் இடம் பாருங்கள். அயலவரைக் கேளுங்கள், அவர் எந்தச் சமயம் என்று நீங்களே தீர்மானித்து ஒதுக்கவேண்டாம். கேட்டுப் பாருங்கள். பெட்டை என்றால் முதலே கருத்தடை செய்துவிடுங்கள், யாராவது எடுப்பார்கள். இயக்கச்சியில் சிவபூமி அறக்கட்டளை கைவிடப்பட்ட நாய்களுக்காக ஒரு சரணாலயம் நடத்துகிறது. ஆனால் யாழ்ப்பாணத்துப் பூட்டிய வீட்டு நாய்களையெல்லாம் அங்கே ஏற்றிவிடலாம் என்று நினைப்பது நியாயமில்லை.

மார்க்க விஷயத்தில் மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாக எழுதுங்கள், மரியாதையோடு. பூட்டிய அந்த மூன்று வீட்டு நாய்களில் இரண்டு சின்னக் கலப்பு நாய்கள். ஒன்றுக்கு நாங்களே ஊசி போட்டுவிட்டோம். வளவும் மனசும் இருப்பவர்கள், எந்த மார்க்கத்தவராக இருந்தாலும், இன்பொக்ஸில் வாருங்கள்.